பேரீந்தும் நீர்ப்பங்கும்

பாலை நிலத்து மரங்களுள் பேரீந்தைப்போல் முரண்பட்ட இயல்புடையது வேறொன்று இல்லை எனலாம். அரபு நாட்டு உழவர் இம்மரத்தை ஓர் அரசனுக்கு ஒப்பிடுவர். காலை நீரிலும் தலையை நெருப்பிலும் வைத்திருக்கும் அரசன் என்பர். சொல்லில் மிகையிருந்தாலும் பொருளில் பிழையில்லை. வெயில் கடுமையாகக் காயும் நாட்டில்தான் இதன் பழம் நன்கு முதிர்ந்து இனிக்கும். காய் கனியாகும் மாதங்களில் மழை பெய்தால் பழம் வெடித்துக் கெடும். ஆகவே வானத்து நீர் இதற்கு வேண்டாத விருந்து. வேருக்குக் கிடைக்கும் நீரோ இன்றியமையாதது.

வளர்ந்த பேரீந்துத் தோப்புக்கு ஓர் எக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 15,000 முதல் 35,000 கன மீட்டர் வரை நீர் வேண்டும் என்பது வேளாண்மை நூலார் கணக்கு. இடமும் வெயிலும் மண்ணும் நோக்கி இது மாறும். அதாவது, தோப்பின் பரப்பு முழுவதிலும் ஒன்றரை மீட்டர் முதல் மூன்றரை மீட்டர் உயரத்துக்கு நீர் தேக்கியதற்கு ஒப்பாகும். இம்மரம் செழிக்கும் நாடுகளிலோ ஆண்டு முழுதும் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் பல இடங்களில் அரைச் சாண் உயரம் தேறாது. எஞ்சிய நீர் எங்கிருந்து வந்தது? வந்த நீரில் எவருக்கு எவ்வளவு? இவ்விரு வினாக்களுள் முதலாவதற்குப் பொறியியல் வரலாறு விடை கூறும். இரண்டாவது வினாவைப் பலரும் எழுப்புவதில்லை. ஆயினும் பாலைநிலத்தார் நீரைச் சிக்கனமாக ஆண்ட மறைபொருள் இரண்டாவதில்தான் அடங்கியிருக்கிறது.

தமிழர்க்கு ஈந்து புதிய சொல்லன்று. ஈந்தின் ஓலையால் வேய்ந்த எயினர் குடிசைகளைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. ஆனால் அது நம் நாட்டுக் காட்டு ஈந்து. சிறு பழம் தருவது. கடல் கடந்து வந்த பெரும்பழத்து மரத்தைப் ‘பேரீந்து’ எனவும் ‘பேரீச்சை’ எனவும் அடைகொடுத்து வேறுபடுத்தினர். இங்கே பேசப்படுவது அந்தப் பேரீந்தே.

ஆறுள்ள நாடும் ஆறில்லா நாடும்

ஆறு பாயும் நாட்டில் பேரீந்து வளர்த்தல் அரிதன்று. யூப்ரட்டீசு, டைகிரிசு ஆறுகளுக்கு இடைப்பட்ட பாபிலோனிய நாட்டில் அது பெருந்தொழிலாக இருந்தது. கி. மு. 1792 முதல் 1750 வரை ஆண்டதாகக் கணிக்கப்படும் அம்முராபி மன்னனுடைய சட்டத்தொகுப்பில், பிறர் தோட்டத்து மரத்தை உடையவன் இசைவின்றி வெட்டியவனுக்கு அரை மினா வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டிருக்கிறது. தோட்டம் வைத்து வளர்ப்பவன் நான்கு ஆண்டு பேணவேண்டும். ஐந்தாம் ஆண்டில் நிலத்துக்கு உரியவனும் அவனும் விளைவைச் செம்பாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இன்னுமொரு விதி நோக்கத்தக்கது. தன் வாய்க்காலைத் திறந்துவிட்டுக் கவனியாமல் இருந்து அண்டை வயலை மூழ்கடித்தவன், அழிந்த பயிருக்கு ஈடாகத் தானியம் அளக்கவேண்டும். ஆக, அங்கே அச்சம் நீர் போதாமை பற்றியது மட்டுமன்று; நீர் மிகுதலும் அச்சமாயிருந்தது.

ஆறில்லா நாட்டின் கதை வேறு. அரபுத் தீவகத்தின் தென்கிழக்கு முனையில் உள்ள ஓமான் நாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் பேராறு ஒன்றுமில்லை. உயர்ந்த பாறை மலைகள் உண்டு. அம்மலைகளில் எப்போதாவது பெய்யும் மழை சிறிது பொழுது காட்டாறாக ஓடி, மலையடியில் சரளைக்கற்களுக்கு இடையே மறைந்துவிடும். மறைந்த நீர் அழிந்த நீரன்று. மலையடிச் சரிவின் உள்ளே அது தங்கியிருக்கிறது. அந்த நீரை எந்த விலங்கும் இழுக்காமல், எந்தப் பொறியும் இறைக்காமல், தானாக ஊருக்கு நடந்து வரச் செய்தனர் அந்நாட்டு மக்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஃபலஜ். பன்மையில் அஃப்லாஜ் என்பர். பிரித்தல், பங்கிடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல் அது. வாய்க்காலின் பெயரிலேயே பங்கீடு அமைந்துகிடக்கிறது.

ஃபலஜ் மூவகைப்படும். ஊற்றிலிருந்து வருவது ஐனீ. ஓடைப் படுகையின் மேல்நீரைத் திருப்பி வருவது கைலீ. நிலத்தடிச் சுரங்கத்தின் வழியே வருவது தாவூதீ. மூன்றாவது வகையே வியப்புக்குரியது. மலையடியில் நீர்மட்டத்தைத் தொடும்வரை ஆழமான கிணறு ஒன்று தோண்டுவர். இதனை ஃபலஜின் தாய் என்பது வழக்கு. அத்தாய்க்கிணற்றின் அடியிலிருந்து ஊரை நோக்கி, ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குச் சுரங்கம் குடைவர். சுரங்கம் மிக மெல்லிய சரிவோடு இறங்கும். மேலே உள்ள நிலமோ அதைவிட விரைவாக இறங்கும். ஆதலால் ஒரு சில கிலோ மீட்டர் சென்றபின் சுரங்கமும் நிலமும் சந்திக்கும். அங்கே நீர் வெளிச்சத்தைக் காணும். இடையிடையே காற்றுக்கும், மண் அள்ளுவதற்கும், பழுது பார்ப்பதற்கும் செங்குத்தான குழிகள் இருக்கும். வானிலிருந்து நோக்கினால் அவை எறும்புப் புற்றுகளின் வரிசைபோல் தோன்றும். சரிவு மிகுந்தால் நீர் சுரங்கத்தை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சரிவை எளிய கருவிகளைக்கொண்டே அளந்து குடைந்தனர் என்பதை எண்ணுக.

இவ்வித்தை எங்கே பிறந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாரசீகத்தில் இதற்குக் கனாத் என்று பெயர். ஆதலால் பாரசீகமே தாயகம் என்பது நெடுநாளைய கொள்கை. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு, பாரசீகர் ஆசியாவை ஆண்ட காலத்தில் நீரில்லா நிலத்துக்கு நீர் கொணர்ந்தவர்களுக்கு அந்நிலத்தின் பயனை ஐந்து தலைமுறைக்கு வழங்கினர் என்று எழுதியிருக்கிறார். ஆனால் இன்றைய ஐக்கிய அரபு நாட்டில் அல் ஐன் நகரை அடுத்த ஹீலியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஃபலஜ் ஒன்று இரும்புக் காலத்தது, ஏறத்தாழ கி. மு. 1000ஐ ஒட்டியது. இது பாரசீகப் பேரரசுக்கு முற்பட்ட காலம். ஆகவே அரபுத் தீவகத்தாரே தாமாகக் கண்டிருக்கக்கூடும் என்பார் வாதம் இப்போது வலுப்பெற்றிருக்கிறது. ஓமான் மக்களைக் கேட்டால் இவ்வழக்கை எளிதில் தீர்த்துவிடுவர். தாவூதின் மகனான சுலைமான் நபி காற்றில் பறந்துவந்து சலூத் என்னும் இடத்தில் பத்து நாள் தங்கினாராம். அந்நாடு வறண்டு கிடப்பதைக் கண்டு, தம் ஏவலுக்கு அடங்கிய பூதங்களைக்கொண்டு நாளொன்றுக்கு ஆயிரம் வாய்க்காலாகப் பதினாயிரம் வாய்க்கால் வெட்டுவித்தாராம். தாவூதீ என்னும் பெயர் அக்கதையின் வழி வந்தது. கதை கதைதான். ஆயினும், மனிதர் வெட்டியதென்று நம்பமுடியாத அளவுக்கு அவ்வேலை பின்னோர்க்கு மலைப்பாயிருந்தது என்பதை அது காட்டுகிறது.

விண்மீன் காட்டிய முறை

சுரங்கத்தைப் பற்றி எழுதியோர் பலர். ஆனால் சுரங்கத்தின் வாயிலில் நீர் வெளிவந்த பிறகு நடப்பதே இக்கட்டுரைக்கு முதன்மையானது. ஃபலஜின் நீரை அடைத்து நிறுத்த இயலாது. இரவும் பகலும், கோடையும் மாரியும் அது ஓடிக்கொண்டே இருக்கும். எடுத்தால் எடுத்தது, விட்டால் விட்டது. ஓயாமல் ஓடும் ஒரு நீரை நூற்றுக்கணக்கான குடிகள் சண்டையின்றிப் பகிர்ந்துகொள்வது எப்படி?

நீரைப் பங்கிடாமல் காலத்தைப் பங்கிட்டனர். முழு ஓட்டமும் ஒரு நேரத்தில் ஒருவன் தோப்புக்கு. அவன் நேரம் முடிந்ததும் மடை மாறும். காலத்தின் அடிப்படை அலகு ‘அதர்’. பொதுவாக அது அரைமணி நேரம். நம் கணக்கில் ஒன்றேகால் நாழிகை. 24 அதர் சேர்ந்தது ஒரு ‘பாத்தா’, அது அரைநாள். ஒரு குடிக்கு எத்தனை அதர், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது ஊர்தோறும் வேறுபடும். அரபியில் அதர் என்பதற்குச் சுவடு, அடித்தடம் என்று பொருள். தமிழில் அதர் என்றால் வழி. ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் அண்மையில் நிற்கிறது. ஆயினும் இவ்விரண்டையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக்க முயல்வது வீண். தற்செயலாய் நேர்ந்த ஒப்புமை என்று விட்டுவிடுதலே அறிவுடைமை.

பகலில் அதரை அளந்தது நிழல். திறந்த வெளியில் ஒரு கோலை நட்டு, அதன் நிழல் விழும் தரையில் குறிகள் இட்டிருப்பர். நிழல் ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு நகர்ந்தால் ஓர் அதர் கழிந்தது. இரவில் விண்மீன்கள். குறிப்பிட்ட விண்மீன் மலைமுகட்டுக்கு மேலோ, ஒரு சுவருக்கு மேலோ தோன்றும் கணத்தில் மடை மாறும். எந்த விண்மீன், எங்கே நின்று நோக்குவது என்பதெல்லாம் ஒவ்வோர் ஊருக்கும் உரிய மரபு. இரு விண்மீன்களுக்கு இடைப்பட்ட பொழுது எல்லாம் சரிசமமாய் இராது. அதனை உழவரும் அறிவர். முறை சுழன்றுகொண்டே இருப்பதால் நீண்ட அதரும் குறுகிய அதரும் எல்லார்க்கும் மாறி மாறி வரும். பகல் முறையும் இரவு முறையும் அவ்வாறே பல ஊர்களில் மாற்றிக் கொடுக்கப்பட்டன. நள்ளிரவில் எழுந்து மடை திறக்கும் துன்பம் என்றும் ஒருவனுக்கே நேர்தல் கூடாதல்லவா?

இம்முறையைக் காக்க ஊரில் ஒரு சிறு ஆட்சியே இருந்தது. தலைமைப் பொறுப்பு வகீலுக்கு. நேரம் கண்டு மடை மாற்றுவிப்பவன் அரீஃப். ஃபலஜுக்கென்றே தனியாகச் சில அதர்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றை ஏலம் கூறி விற்பர். வரும் பணம் சுரங்கத்தைத் தூர்வாரவும் இடிந்த இடத்தைக் கட்டவும் செலவாகும். பள்ளிவாசலுக்கும் ஓதும் பள்ளிக்கும் அறக்கொடையாக விடப்பட்ட அதர்களும் உண்டு. நிலம் வேறு, நீர் வேறு என்பது அங்கே சட்டம். மரம் உடையவனுக்கு நீர் இல்லாதிருக்கலாம். அவன் ஏலத்தில் நீர் வாங்கவேண்டும். நீர் உடையவனுக்கு ஒரு மரமும் இல்லாதிருக்கலாம். அவன் நீரை விற்று வாழலாம்.

நீரைப் பயன்படுத்தும் வரிசையும் முறைப்படுத்தப்பட்டிருந்தது. வாய்க்கால் ஊருக்குள் நுழையும் இடத்தில் குடிநீர் முகப்பர். அது எல்லார்க்கும் பொது. அதற்குப் பங்கோ விலையோ இல்லை. அதற்குக் கீழே பள்ளிவாசலில் தொழுகைக்குமுன் கைகால் கழுவும் இடமும், ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே குளிக்கும் துறைகளும். அதற்கும் கீழேதான் பாசனம். பாசனத்திலும் முதலிடம் பேரீந்துக்கு. மரத்தின் அடியில் எலுமிச்சையும் வாழையும், அவற்றின் அடியில் குதிரைமசால் முதலிய தீவனமும் வளரும். மேல் மரத்தின் நிழல் கீழ்ப்பயிரின் வாட்டத்தைத் தணிக்கும்; ஒருமுறை பாய்ந்த நீர் மூன்று அடுக்குப் பயிரை வளர்க்கும்.

தோப்புகள் முடிந்த இடத்தில், வாய்க்காலின் கடைக்கோடியில், ‘அவாபி’ எனப்படும் வெறுநிலம் இருக்கும். இந்நிலத்தை மேலோட்டமாகக் காண்போர் தரிசு எனக் கருதுவர். உண்மையில் இதுவே முழு ஏற்பாட்டின் துலாக்கோல். பேரீந்து நட்ட மரம். ஓராண்டு நீர் விடாமல் அடுத்த ஆண்டு விடுவோம் என்று இருக்க முடியாது. ஃபலஜின் ஓட்டமோ மழையை ஒட்டி ஏறும், இறங்கும். ஆகவே வறண்ட ஆண்டிலும் தவறாது கிடைக்கும் அளவுக்கு மட்டுமே பேரீந்து நட்டனர். நல்ல ஆண்டில் மிகும் நீரை அவாபியில் விட்டுக் கோதுமையும் காய்கறியும் பயிரிட்டனர். நீர் குறைந்தால் அவாபி சுருங்கும், மரம் வாடாது. குளிர்காலத்தில் பேரீந்துக்குத் தேவை குறைவு. அப்போது ஓயாமல் வரும் நீரும் வீணாகாமல் குளிர்காலத்துக் கோதுமைக்குப் போயிற்று. அடைக்கமுடியாத நீர் வீணாகும் நீர் என்று பிற்காலப் பொறியாளர் சிலர் குறை கூறியதுண்டு. அவாபியைக் கணக்கில் சேர்க்காமல் சொன்ன குறை அது.

பதினேழாம் நூற்றாண்டில் யாருபா மரபினர் ஓமானை ஒன்றுபடுத்தி, 1650இல் போர்ச்சுகீசியரை மஸ்கத்திலிருந்து துரத்தியபின், கடல் வாணிகத்தில் ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதி அஃப்லாஜ் வெட்டவும் செப்பனிடவும் பாய்ந்தது. அவர்களுள் சைஃப் பின் சுல்தான் என்னும் இமாம் 17 அஃப்லாஜ்களுக்கு உரியவராயிருந்தார் என்றும், பல்லாயிரம் பேரீந்தும் தென்னையும் நடுவித்தார் என்றும் அந்நாட்டு வரலாறுகள் கூறும்.

குடமும் சீப்பும் பள்ளமும்

காலத்தைப் பங்கிடும் வழக்கம் ஓமானுக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவின் வடபால் துனீசிய நாட்டில் தோசர் என்னும் பேரீந்து நகரம் உண்டு. ஸ்பெயினில் இருந்துகொண்டே, தாம் காணாத ஆப்பிரிக்காவைப் பற்றிக் கி. பி. 1068இல் நூலெழுதிய அல் பக்ரி, அங்கே நீர் அளந்த முறையை விளக்குகிறார். அடியில் சிறு துளையிட்ட கலம் ஒன்றை நீரால் நிறைத்துத் தொங்கவிடுவர். கலத்து நீர் வடிந்து முடியும்வரை ஒருவன் தோட்டத்துக்கு நீர் பாயும். பின் மீண்டும் நிறைப்பர். ஒரு முழுநாளுக்கு 192 கலம் என்பது கணக்கு. வகுத்துப் பார்த்தால் கலமொன்றுக்கு ஏழரை நிமிடம் வரும். ஓமானில் ஓர் அதர் கழியும் நேரத்தில் தோசரில் கலம் நான்குமுறை காலியாகும். நாழிகை வட்டிலை அறிந்த தமிழர்க்கு இக்கருவி விளங்காமற் போகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவ்வூரினரான இப்னு சப்பாத் என்னும் அறிஞர் இப்பங்கீட்டைத் திருத்தி அமைத்தார் என்று அவ்வூரார் இன்றும் போற்றுவர்.

அல்ஜீரியாவின் தென்மேற்கில் துவாத், குராரா பகுதிகளில் பங்கிட்டது காலத்தை அன்று, நீரையே பங்கிட்டனர். அங்கே சுரங்க வாய்க்காலுக்கு ஃபொக்காரா என்று பெயர். நீர் வெளிவரும் இடத்தில் கல்லில் வெட்டிய ஒரு சீப்பு குறுக்கே நிற்கும். சீப்பின் ஒவ்வோர் இடைவெளியும் ஒரு குடியின் பங்குக்கு ஏற்ற அகலம் உடையது. நீர் ஒரே நேரத்தில் எல்லா இடைவெளியிலும் பிரிந்து ஓடும். புதிய பங்கு சேர்ந்தாலோ ஓட்டம் குறைந்தாலோ நீரளப்போனை அழைப்பர். அவன் பல துளைகளிட்ட செப்புத் தகட்டை நீரின் குறுக்கே வைத்து, களிமண்ணால் சில துளைகளை அடைத்தும் திறந்தும், நீர்மட்டம் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் கணத்தில் திறந்த துளைகளை எண்ணுவான். அந்த எண்ணே ஓட்டத்தின் அளவு. எல்லார் முன்னிலையிலும் அளந்து, பங்கைப் பதிவேட்டில் எழுதுவர்.

இவற்றைப் படித்துவிட்டுப் பழங்காலத்தை வெறும் பொற்காலமாகக் காட்டுவது பொய்யாகும். துவாத்தின் சுரங்கங்களைக் குடைந்தவரும் ஆண்டுதோறும் தூர் எடுத்தவரும் பெரும்பாலும் அடிமைகளும், ஹராத்தீன் எனப்படும் நிலமற்ற கறுப்பின உழவருமே. இருட்டில், இடிந்துவிழும் மண்ணுக்கு அடியில் உழைத்தவர்க்குப் பதிவேட்டில் பங்கு இருந்தது மிக அரிது. பங்கு உடையவர்களுக்குள் நேர்மை தவறாத கணக்கு, பங்கே இல்லாதவரைக் கணக்கில் எடுக்கவில்லை. அல்ஜீரியா 1962இல் விடுதலை பெற்றபின் அவ்வுழவர் எண்ணெய்க் கிணறுகளுக்கும் நகரங்களுக்கும் கூலிக்குப் போகத் தொடங்கினர். தூர்வார ஆளின்றிப் பல ஃபொக்காராக்கள் அடைந்தன. அவர்கள் போனது பிழை என்று எவரும் கூறமுடியாது.

வடகிழக்கு அல்ஜீரியப் பாலையில் சூஃப் பகுதியார் கையாண்டது எல்லாவற்றிலும் விந்தையானது. அவர்கள் மரத்துக்கு நீர் கொண்டுவரவில்லை; நீருக்கு மரத்தைக் கொண்டுபோயினர். மணற்குன்றுகளுக்கு நடுவே, நிலத்தடி நீருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மேல்வரை பெரும்பள்ளம் தோண்டி, அதன் அடியில் பேரீந்துக் கன்றை நடுவர். இப்பள்ளத்துக்கு கூத் என்று பெயர். வேர் இறங்கி நீரைத் தொட்டபின் பாசனமே வேண்டுவதில்லை. வாய்க்கால் இல்லை, மடை இல்லை, பங்குச் சண்டையும் இல்லை. வேண்டியது ஒன்றே: காற்று கொட்டும் மணலைக் கூடையில் அள்ளி மேலே சுமந்து கொட்டும் ஓயாத உழைப்பு. பள்ளத்தின் விளிம்பில் ஈந்தோலை வேலி கட்டி மணலைத் தடுப்பர். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு மரம் தெரியாது. மணலுக்குமேல் மரத்தின் உச்சி மட்டும் தெரியும்.

பொறி வந்த பின்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீரிறைக்கும் பொறி இந்நாடுகளுக்கு வந்தது. அதன் நன்மைகளை மறைக்கவேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பங்கின்றி இருந்தவனும் ஒரு கிணறு தோண்டிப் பொறி வைத்தால் தோப்புக்கு உடையவனாகலாம். அரீஃபைக் காத்திருக்க வேண்டாம். விண்மீனை நோக்க வேண்டாம். இவ்விடுதலை அவனுக்கு இனித்ததில் வியப்பில்லை.

கேடு விளைந்த இடம் நுட்பமானது. ஃபலஜைச் சுற்றிச் சில நூறு முழத்துக்குள் வேறெவரும் கிணறு தோண்டலாகாது என்னும் விதி பழைய சட்டத்தில் உண்டு. அவ்வெல்லைக்கு ஹரீம் என்று பெயர். மாடு கட்டி இறைத்த காலத்தில் அவ்வளவு தொலைவு போதுமானது. ஒரு மாடு ஒரு நாளில் எவ்வளவு இறைத்துவிடும்! ஆனால் பொறிக்கிணறு எல்லைக்கு வெளியே நின்றுகொண்டே நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்தியது. மட்டம் தாய்க்கிணற்றின் அடிக்குக் கீழே போனால் ஃபலஜ் வற்றும். தானாக வரும் நீராதலால் அதனால் எட்டிப்பிடிக்க முடியாது. கிணற்றுக்காரன் எந்த விதியையும் மீறவில்லை. ஊரின் நீரோ போய்விட்டது. முழக்கோலால் மேற்பரப்பில் அளந்த சட்டம், நிலத்துக்குள் நடந்ததைக் காணவில்லை.

ஓமானின் பாத்தினாக் கடற்கரையில் பொறிக்கிணறுகள் பெருகியதால் நன்னீர் மட்டம் தாழ்ந்து கடல்நீர் உட்புகுந்தது. பேரீந்து பிற பழமரங்களைவிட உப்பை மிகுதியும் தாங்கும் மரம். அம்மரமே பட்டுப்போன தோப்புகள் அங்கே உண்டு. தோசரின் புகழ்பெற்ற ஊற்றுகள், ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின், இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் வற்றின. சவூதி அரேபியாவின் அல் அஹ்ஸாவில் தானாகப் பொங்கிய ஊற்றுகளும் ஓய்ந்து, பொறியால் இறைக்கும் நிலை வந்தது.

சூஃபில் நடந்ததோ இவற்றுக்கு நேர்மாறானது. பெருகிய நகருக்காகவும் புதுத் தோப்புகளுக்காகவும் மிக ஆழத்திலிருந்து, பன்னூறாயிரம் ஆண்டாகச் சேர்ந்த பழநீரை மேலே கொணர்ந்தனர். அந்நீர் பயன்பட்டபின் போக வழியில்லை. கழிவுநீர்க் கால்வாய் இல்லாத நகரில் அது மணலுக்குள் இறங்கியது. 1980களிலிருந்து மேல்மட்ட நிலத்தடி நீர் உயர்ந்தது. நீருக்கு ஒரு மீட்டர் மேலே என்று பார்த்துப் பார்த்துத் தோண்டிய பள்ளங்களில் நீர் புகுந்து நின்றது. நூற்றுக்கணக்கான கூத்துகளில் மரங்கள் வேரழுகி மாண்டன. சகாராவின் நடுவே பேரீந்து நீரில் மூழ்கிச் செத்தது. மிகையென்று தோன்றும், ஆயினும் உண்மை.

இன்று சொட்டுநீர்ப் பாசனம் இவற்றுக்கெல்லாம் மருந்தாகப் பேசப்படுகிறது. 1960களில் இஸ்ரேலில் தொழில்முறையில் வளர்ந்த இம்முறை, குழாயின் வழியே மரத்தடிக்கு மட்டும் நீரைத் துளித்துளியாகத் தருகிறது. வாய்க்காலில் கசிவதும் வெறுமண்ணில் காய்வதும் இதில் குறையும், இதனை மறுப்பாரில்லை. ஆனால் பேரீந்துக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பாலை நீர் பெரும்பாலும் உவர்ப்புடையது. துளிநீர் பரவும் வட்டத்தின் ஓரத்தில் உப்பு படிந்து வளையமாக நிற்கும்; அவ்வப்போது மிகுநீர் விட்டு அதனை வேருக்குக் கீழே கழுவித் தள்ளவேண்டும். பழைய முறையில் மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டி நிறையப் பாய்ச்சியதனால் இக்கழுவல் தானே நடந்தது. ஆகவே இன்றைய அறிவுடைய தோப்புக்காரர் இரண்டையும் கலந்து கையாளுகின்றனர்.

இதனினும் பெரிய சிக்கல் கருவியில் இல்லை. சொட்டுநீரால் மிச்சமான நீர் நிலத்தடியிலேயே தங்கினால் நன்று. மிச்சமான நீரைக்கொண்டு உடையவன் இன்னும் நூறு மரம் நட்டால் நிலத்தடி நீர் முன்போலவே இறங்கும். குழாய் மட்டும் புதியது. அவாபி நிலத்தை வகுத்தவர்கள், எத்தனை மரம் நடலாம் என்பதை முதலில் முடிவு செய்து, பின்னரே மரம் நட்டனர். பொறி வைத்தவனுக்கு அந்த எண்ணைச் சொல்ல எவருமில்லை. பழைய கணக்கில் அடிமைக்குப் பங்கில்லை. புதிய கணக்கில் நாளை வருபவனுக்குப் பங்கில்லை.

ஓமான் அரசு 1990களில் எடுத்த கணக்கெடுப்பில் 4,112 அஃப்லாஜ் பதிவாயின; அவற்றுள் 3,017 நீரோடுபவை. 2006இல் தாரிஸ், கத்மைன், மல்கீ, முயஸ்ஸர், ஜீலா ஆகிய ஐந்தும் உலகப் பண்பாட்டுச் செல்வங்களாக யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றன. துவாத்தின் நீரளப்போர் கலையை 2018இல் அந்நிறுவனம் அழிவின் விளிம்பிலுள்ள மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஓமானில் விண்மீன் நோக்கி மடை மாற்றும் வழக்கத்தை ஹாரியட் நாஷ் என்னும் ஆராய்ச்சியாளர் ஊர் ஊராகச் சென்று பதிந்து 2011இல் நூலாக்கினார். அப்போதே அது ஒரு சில சிற்றூர்களில் மட்டும் எஞ்சியிருந்தது. மற்ற ஊர்களில் கைக்கடிகாரம் வந்துவிட்டது. மின்விளக்கு வந்த ஊரில் தாழ்வான விண்மீன்கள் கண்ணுக்குத் தெரிவதும் அரிதாயிற்று. ஆயினும் முப்பது நிமிடத்துக்குப் பெயர் இன்னும் அதர்தான். ஒரு குடியின் மடையை மூடி அடுத்த குடியின் மடையைத் திறப்பதும் முன்போலவே நடக்கிறது.